அந்த சைக்கிள் சத்தம்: மனக்காயத்தைத் தனியாகவே ஆற்றிக்கொள்ள முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 36. பெங்களூரு அல்சூரில் ஒரு லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தேன். அப்பா தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டு முடித்து, குடித்துவிட்டு வருவார். வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வோம். மூடினாலும் பெல்ட் அடி விழும். ‘வெளியில் சொன்னால் நம் மானம் போகும்’ என்பார் அம்மா. இன்றும் எதிர் வீட்டுக்காரர் இரவில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. அப்பாவுக்கு இப்போது 70 வயது. குடியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா மறைந்த பிறகு ஹொரமாவில் எங்களோடுதான் இருக்கிறார். என் ஆறு வயது மகளுக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்டுகிறார். எட்டு மாதங்களுக்கு முன் மகள் பாலைக் கொட்டியபோது அவளை அடித்துவிட்டேன். கன்னத்தில் என் விரல்கள் பதிந்துவிட்டன. அன்றிலிருந்து யூடியூப் பார்த்து எனக்கு நானே சிகிச்சை செய்துகொள்கிறேன்: மூச்சுப் பயிற்சி, உள்ளே இருக்கும் குழந்தையோடு பேசும் தியானம், இரவு எல்லோரும் தூங்கிய பின் பழையதை நோட்டில் எழுதுவது. முதல் இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தது. இப்போது எழுதி முடித்தால் தூக்கம் வருவதில்லை, கை மரத்துப்போகிறது. ஒரு நாள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியவில்லை. ‘நினைவுக்கு வராததுதான் பெரிய காயம்’ என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வேறு ஏதாவது நடந்திருக்குமோ என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். ஓர் அமர்வுக்கு 1,800 ரூபாயாம், ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமாம். அதைவிட, திருந்திய மனிதரைப் பற்றி அந்நியரிடம் போய்ச் சொல்வது துரோகம் இல்லையா? நானாகவே ஆறிவிட முடியாதா?

— வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தனியாகச் செய்துவருவதில் ஒரு பகுதியைத் தொடரலாம், தொடரவும் வேண்டும். இன்னொரு பகுதியை, குறிப்பாக அந்த இரவு நேர எழுத்தை, இன்றோடு நிறுத்திவையுங்கள். அந்த வேலைக்கு அருகில் இன்னொரு மனிதர் வேண்டும். அது உங்கள் மனவலிமை போதாததால் அன்று. சிறு வயதில் அந்த இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோதும், தம்பி பக்கத்தில் இருந்தாலும், காக்கப் பெரியவர் யாரும் இல்லாமல் நீங்கள் தனியாகத்தான் இருந்தீர்கள். முப்பத்தாறு வயதில் அதே இரவு நேரத்தில், அதே தனிமையில், வீட்டில் யாருக்கும் தெரியாமல் அந்த நினைவுகளைத் திறக்கிறீர்கள். அன்று இருந்த சூழ்நிலையையே உடம்பு மறுபடியும் பார்க்கிறது. சூழ்நிலை மாறிவிட்டது என்று அதற்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

மற்றதற்குப் போகுமுன் மகளைப் பற்றி. குழந்தையை அடித்தது தவறு என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சிறிதாக்கப் போவதில்லை. ஆனால் அடித்த பிறகு என்ன நடந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் அப்பா அடித்த இரவுகளுக்குப் பிறகு மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வீடு இயங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அடியைப் போலவே குழந்தைக்குள் ஆழமாக இறங்குவது அந்த மௌனம். ‘என் தப்பால்தான் நடந்தது’ என்ற முடிவுக்குக் குழந்தை தானாகவே வந்துவிடுகிறது. ஆகவே எட்டு மாதம் கடந்துவிட்டாலும் பரவாயில்லை, மகளை மடியில் உட்காரவைத்து, “அன்னைக்குப் பால் கொட்டினப்போ அம்மா உன்னை அடிச்சுட்டேன். அது அம்மாவோட தப்பு, உன் தப்பு இல்லை” என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். விளக்கமோ அழுகையோ வேண்டாம். உங்களைத் தேற்றும் பொறுப்பு அவள் தலையில் விழக் கூடாது. இனி கை எழும்பும் போலத் தோன்றினால், முதல் வேலை அவளிடமிருந்து இரண்டடி பின்னால் நகர்வது. சிங்க் பக்கம் திரும்பிக் குழாய்த் தண்ணீரில் இரண்டு கைகளையும் நனையுங்கள். கால் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். பால் தரையிலேயே கிடக்கட்டும். இதெல்லாம் நீங்களே செய்துகொள்ளக்கூடிய சிகிச்சைதான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மனக்காயத்திலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாக வகுத்தார். முதலில் பாதுகாப்பு, அதாவது தூக்கம், உணவு, உடலின் பதற்றத்தைத் தணிக்கும் பழக்கம், வீட்டுக்குள் அடி இல்லாத நிலை. அடுத்ததுதான் நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது. மூன்றாவது மற்றவர்களோடும் வாழ்க்கையோடும் மீண்டும் இணைவது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் துறையில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு வடிவில் இந்த வரிசையைப் பின்பற்றுகிறோம். முதல் கட்டத்தில் பெரும்பகுதியை ஒருவர் தனியாகவே கற்றுக்கொள்ள முடியும். உங்கள் முதல் இரண்டு மாத நிம்மதி மூச்சுப் பயிற்சியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். சிக்கல் என்னவென்றால், வீடியோக்கள் பலவும் முதல் கட்டத்தைப் பத்து நிமிடத்தில் தாண்டி நேராக இரண்டாவதற்குள் இறக்கிவிடுகின்றன. இறக்கியவர் அங்கே இருப்பதில்லை. உங்கள் முகம் வெளுப்பதையோ கை மரப்பதையோ அவரால் பார்க்க முடியாது. போதும், இங்கே நிறுத்துவோம் என்று சொல்லவும் முடியாது.

எழுதினால் மனம் ஆறும் என்பது வெறும் பேச்சில்லை, அதற்கு ஆய்வு அடிப்படை உண்டு. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், தங்களை மிகவும் பாதித்த அனுபவங்களைக் கல்லூரி மாணவர்களை எழுதவைத்தார். அப்படி எழுதியவர்களில் சிலர் அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள். ஆனால் அவர்கள் எழுதியது நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கே நாட்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மேலும் வாடித்தான் இருந்தது. நீங்கள் கணக்கில்லாமல் எட்டு மாதமாக, அதுவும் தூங்கப் போகிற நேரத்தில் எழுதுகிறீர்கள். மருந்தாக இருக்கக்கூடிய ஒன்று அளவும் வேளையும் தவறியதால் வேறு வேலை செய்கிறது. கை மரத்துப்போவதும், குழாயடியில் நேரம் தெரியாமல் நின்றதும், தாங்க முடியாத அளவுக்கு நினைவு திறந்துகொள்ளும்போது மனம் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். சிறு வயதில் அடி விழும்போதும் உங்கள் மனம் இப்படித்தான் எங்கேயோ போய் உங்களைக் காப்பாற்றியிருக்கும். கை மரப்புக்கும் அந்த மாதிரி நின்றுவிடுவதற்கும் உடல்ரீதியான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பொது மருத்துவரிடமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நினைவில் இல்லாததைத் தேடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். இதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன். 1995இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெல்லும் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக, நடக்கவே நடக்காத ஒரு சம்பவத்தை, குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களில் சுமார் கால்வாசிப் பேர் அந்தப் பொய்ச் சம்பவம் முழுமையாகவோ ஓரளவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பத் திரும்பக் கற்பனை செய்து தேடினால், தேடலே நினைவைப் போன்ற ஒன்றை உருவாக்கிவிடக்கூடும். மறந்த ஒன்று பின்னாளில் உண்மையாகவே நினைவுக்கு வருவதும் உண்டு. வந்தால் அதைச் சிகிச்சையில் நிதானமாகப் பார்க்கலாம். ஆறுவதற்கு அதைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்பது சரியில்லை. உங்களுக்குத் தெளிவாக நினைவிருக்கும் சைக்கிள் சத்தமும் பெல்ட்டும் உங்கள் வேதனைக்குப் போதுமான காரணம். அதைவிடப் பெரிதாக வேறொன்று நடந்திருந்தால்தான் வலிக்க உரிமை உண்டு என்று நினைக்காதீர்கள்.

சுயமாகச் செய்யும் சிகிச்சை பயனே தராதா என்று கேட்டால், தரும். எங்கே தரும் என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. பிரிட்டனில் 196 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஓர் ஆய்வில், நேரில் பன்னிரண்டு அமர்வுகள் வரை சிகிச்சை பெற்றவர்களையும், இணையவழிப் பாடங்களைத் தாங்களே செய்து, சிகிச்சையாளரிடம் மொத்தமாக மூன்று மணி நேரம் வரை மட்டும் வழிகாட்டல் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பதினாறு வாரங்களின் முடிவில் இரண்டாவது வழியும் முதல் வழிக்குக் குறைந்ததாக இல்லை. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர்கள் எல்லோரும் ஒரே ஒரு சம்பவத்தால், விபத்து போன்ற ஒன்றால், மிதமான பாதிப்புக்கு உள்ளானவர்கள். அடுத்தது, மூன்று மணி நேரமே ஆனாலும் அங்கே ஒரு மனிதர் இருந்தார். உங்களுடையது ஒரு நாள் நடந்த விபத்தில்லை. பல ஆண்டுகள், வளரும் வயதில், உங்களைக் காக்க வேண்டியவர் கையாலேயே நடந்தது. இப்படி நீண்டு நடந்த கொடுமைகளின் பாதிப்பை உலக சுகாதார நிறுவனமே 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது: நினைவுகள் துரத்துவதோடு, உணர்ச்சியை அடக்க முடியாமை, தன்னையே தாழ்வாக நினைப்பது, உறவுகளில் தடுமாற்றம் ஆகியவையும் அதில் சேர்கின்றன. கடிதத்தை வைத்து உங்களுக்கு அப்படி ஒரு நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். நேரில் பார்ப்பவர் அதை மனதில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது மொழி. ஆங்கிலத்தில் பேச வேண்டுமாமே என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிய அந்தத் தயக்கத்தை, கட்டணத்தைவிடப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். இந்த ஊர்த் தமிழர்கள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நாளுக்கு மூன்று மொழியில் வாழ்கிறோம். என் சிகிச்சை அறையில் பல முறை பார்த்திருக்கிறேன்: “மை ஃபாதர் வாஸ் அப்யூசிவ்” என்று ஒருவர் தெளிவாக, கண் கலங்காமல், யாரோ ஒருவருடைய கோப்பை வாசிப்பதுபோல் சொல்வார். அப்பா அடிக்கும்போது என்ன சொல்வார் என்று தமிழில் கேட்டால், வாய் திறக்காது. திறந்தால் குரலே மாறிவிடும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஆங்கிலமும் அறிந்த துருக்கி மொழிக்காரர்களிடம், சிறு வயதில் பெரியவர்கள் திட்டும் சொற்களை இரண்டு மொழியிலும் கேட்கவைத்து, தோலில் ஏற்படும் நுண்ணிய வியர்வை மாற்றத்தை அளந்தது. தாய்மொழியில் கேட்ட திட்டுக்கு உடம்பு கூடுதலாகப் பதறியது. உங்கள் வீட்டு வசவுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னால் அவற்றின் முள் போய்விடும். தொடக்கத்தில் அந்தத் தூரம் உதவியாகவும் இருக்கலாம். ஆனால் சிகிச்சை முழுவதும் அந்தத் தூரத்திலேயே நடந்தால், பேசி முடித்ததுபோல் இருக்கும், சைக்கிள் சத்தம் அப்படியே இருக்கும். அதனால் தமிழ் பேசும் சிகிச்சையாளரைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் அது அரிதில்லை. அவர் கன்னடக்காரராகவே இருந்தாலும், தமிழ் நன்றாகப் புரிந்துகொள்பவராக இருந்தால் போதும். நீங்கள் தமிழில் சொல்லலாம், அவர் தமக்குத் தெரிந்த தமிழில் கேட்கலாம்.

துரோகம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ‘மானம் போகும்’ என்று அம்மா சொன்னது இன்று உங்கள் வாயில் ‘துரோகம்’ என்று மாறி வருகிறது என்று தோன்றுகிறது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்த லைன் வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் இருக்க, அவருக்கும் போக்கிடம் இருந்திருக்காது. ஆனால் நடந்ததை ஒரு சிகிச்சையாளரிடம் சொல்வது அப்பாவின் மேல் வழக்குப் போடுவது ஆகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் தகவல் இரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை முதல் அமர்விலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல சிகிச்சையாளர் யாரும் ‘அப்பாவை நேருக்கு நேர் கேளுங்கள்’ என்றோ ‘மன்னித்துவிடுங்கள்’ என்றோ உங்களைத் தள்ள மாட்டார். பேத்திக்குச் சோறு ஊட்டும் அந்த முதியவரின் அன்பும் உண்மை, இருட்டில் விழுந்த பெல்ட்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. அவர் ஊட்டுவதைப் பார்க்கும்போது உங்களுக்கு நெகிழ்ச்சியோடு ஒரு பொறாமையோ கோபமோ வந்து, உடனே அதற்காக வெட்கமும் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. வந்தால், அதைச் சொல்லத்தான் அந்த அறை.

அப்பா உங்களோடு ஒரே வீட்டில் இருப்பதையும் சிகிச்சையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய இருமலும், கதவைத் திறக்கும் விதமும், செருப்புச் சத்தமும் நாள் முழுக்க உங்கள் உடம்பைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். தனியாக ஆற முயன்ற நீங்கள் ஏன் தேங்கினீர்கள் என்பதற்கு அது பெரிய காரணமாக இருக்கலாம்.

யாரிடம் போவது என்பதில் சில விஷயங்கள். கவுன்சலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடிகிற நிலை இங்கே இன்னும் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர் என்றால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது, என்னிடம் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மருந்து தேவையா என்று பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். குழந்தைப் பருவ மனக்காயத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார், எந்த முறையில் பயிற்சி பெற்றவர் என்றும் கேளுங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையான சிபிடியில் மனக்காயத்தை மையப்படுத்திய வகை, கண்களை இடவலமாக அசைத்துச் செய்யும் இஎம்டிஆர் ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது. மூன்று அமர்வில் குணம் என்பவர், மறைந்த நினைவை வெளியே எடுப்பேன் என்பவர், முதல் நாளிலேயே முழுக் கதையையும் சொல்லுங்கள் என்பவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

செலவைப் பொறுத்தவரை, ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனம். தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம். காலையில் சீக்கிரம் போய்ப் புறநோயாளிப் பதிவு செய்யுங்கள், அரை நாள் விடுப்பு போதாது. உங்களுடைய அல்லது கணவருடைய அலுவலகத்தில் ஊழியர் நலத் திட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஊரின் பல பெரிய நிறுவனங்கள் சில அமர்வுகளைக் கட்டணமின்றித் தருகின்றன. வாரம் ஒரு முறை முடியாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று பேசிக்கொள்ளலாம். இடைப்பட்ட நாட்களுக்கு நீங்கள் ஏற்கெனவே பழகிய மூச்சுப் பயிற்சி கைகொடுக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இரவில் நெஞ்சடைப்பு தாங்க முடியாமல் போனால் நோட்டை எடுப்பதற்குப் பதில் அந்த எண்ணை எடுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணமோ, மகளுக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயமோ வந்தால் அமர்வு நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே கணவரிடம் சொல்லி, அருகில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். முதல் சில அமர்வுகளில் நான் பெல்ட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் யாரோடு பேச முடியும் என்றே போகும். பிறகு ஒரு நாள், நீங்கள் தயார் என்று இருவரும் ஒப்புக்கொண்ட பின், ஒரு சிறு துண்டை மட்டும் எடுப்போம்: ஸ்டாண்டு விழும் அந்த ஒரு நொடி. சொல்லும்போது தோள் இறுகினால் நிறுத்தி, இன்று என்ன கிழமை, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்பேன். நீங்கள் ‘வியாழக்கிழமை, மரம், ஒரு ஆட்டோ’ என்பீர்கள். மறுபடி அந்த நொடிக்குப் போவோம், மறுபடி திரும்புவோம். கடைசிப் பதினைந்து நிமிடம் நினைவுக்கு இடமில்லை; தண்ணீர் குடித்து, பேருந்தா மெட்ரோவா என்று பேசிவிட்டுத்தான் எழுவோம். இப்படிப் போய்த் திரும்பிப் பழகப் பழக, அந்தச் சத்தம் நடந்து முடிந்த ஒரு காலத்தின் சத்தமாகிறது. எதிர் வீட்டு ஸ்கூட்டர் அப்போதும் ஸ்டாண்டு போடும். நீங்கள் அதைக் கேட்பீர்கள், பிறகு துணி மடிப்பதைத் தொடர்வீர்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது.

அந்த நோட்டைக் கிழிக்கவோ எரிக்கவோ வேண்டாம். ஒரு உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் மகளின் கைக்கு எட்டாத தட்டில் வைத்துவிடுங்கள். முதல் அமர்வுக்கு அதை எடுத்துப் போகத் தேவையில்லை. சிகிச்சையாளர் கேட்டால், “எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கத் தோன்றவில்லை” என்று சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டு உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால், அவரிடமே அடுத்த வாரத்துக்கும் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.